ஜெனிவாவில கதைச்சா துரோகமா?

நேத்து பின்னேரம் திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில பிளேன்டீ குடிச்சுக்கொண்டு நிக்க, பக்கத்தில ஒரு அண்ணை, ஜெனிவாவில ஐநா மனித உரிமைப் பேரவையில எங்கட எம்பி ஒருத்தர் இலங்கையைப் பற்றிக் கதைச்ச செய்தியைப் போனில பாத்திட்டு "சொந்த நாட்டைப் பற்றி வெளியில போய் குறை சொல்றது என்ன பழக்கம் தம்பி" எண்டார். எனக்கு மனசு கேக்கேல்ல.

1990ல எதிர்க்கட்சி எம்பியா இருந்த மகிந்த ராஜபக்சவே தெற்கில காணாமல் போன பொடியன்கள்ட விபரங்களைத் தூக்கிக்கொண்டு ஜெனிவாவுக்கு வெளிக்கிட்டவர், கட்டுநாயக்கவில வச்சு பொலிஸ் அந்தப் பேப்பர், படமெல்லாம் பறிச்சது, அவர் அப்ப செய்தது சரி எண்டு நான் இண்டைக்கும் சொல்லுவன், பிறகு அவர்ட ஆட்சியில அங்க போன ஆக்களைத் துரோகி எண்டதுதான் பிழை.

2015ல போர்க்கால மீறல்களுக்குப் பொறுப்புக்கூறல் கேட்ட அந்தப் பேரவையிட 30/1 தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை குடுத்தது, 2020ல விலகிட்டுது. விலகினது பிழை எண்டு ஒரு எம்பி அங்கயே சொன்னா என்ன?

நாங்க நிண்ட இடத்தில இருந்து நடக்கிற தூரம்தான் கடற்கரை காந்தி சிலை. 2006 ஜனவரி 2, அதடியில 5 மாணவர்களைச் சுட்டுக் கொன்றாங்கள். 2019ல எங்கட ஊர் கோர்ட்டிலயே அந்த வழக்கில சந்தேக நபர்களா இருந்த 13 பேரையும் விடுதலை செய்தாச்சு. அந்தத் தாய் தகப்பன் வேற எங்க போய்ச் சொல்றது?

எனக்குக் கோவம் வாறது வேற விஷயத்துக்கு. அங்க மைக்கில முழங்கிட்டு பாராளுமன்றத்தில வாயே திறக்காத ஆக்கள் எங்கட பக்கத்திலயும் இருக்கினம். அங்க சொன்னதை இஞ்சயும் அப்படியே சொல்லுங்கோ, பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சார்ட்டில பதியட்டும்.

அண்ணை ஒண்டும் சொல்லேல்ல. என்ட பிளேன்டீக்கும் சேத்து காசு குடுத்திட்டுப் போனார்.