கிளிநொச்சி இரணைமாதாநகர் துறையில், பாய் கட்டிய போட்டில்

ஏப்ரல் 10, 2025, வியாழன்

குடிதண்ணீர் நாளைக்கு மட்டும்தான் காணும். போட்டில் படுத்தெழும்புகிறவனுக்கு எல்லாக் கணக்கும் தண்ணீரோடுதான். கரையில் தண்ணீர் பவுசர் வரும் நாளைப் பார்த்துக் கான்களைச் சின்ன வள்ளத்தில் ஏற்றி, முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போய், பிறகு இடுப்பளவில் ஏறி, சவள் என்ற துடுப்பைப் போட்டு இங்கே கொண்டுவர வேண்டும். மாமா அரிசியைக் கடல்தண்ணீரில் இரண்டு தரம் கழுவி, கடைசித் தரம் மட்டும் நல்ல தண்ணீரில் அலசுவார். சோற்றுக்கு உப்புப் போட வேண்டிய தேவையே இல்லை. குளிப்பது கடலில், அதற்குப் பிறகு தலைக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீர்.

போட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: இது பழைய மூன்றரைத் தொன் போட், 28 அடி. மாமா இதை எஞ்சின் இல்லாத வெறும் உடலாகத்தான் வாங்கினார். முன்பக்கம் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு கபின், அதற்குள் இரண்டு பேர் படுக்கலாம், ஆனால் மழை இல்லாத இரவுகளில் யாரும் உள்ளே படுப்பதில்லை, மேல்தட்டில்தான். கபின் கூரையில் ஒரு சோலர் தகடு, கீழே ஒரு கார் பற்றரி. இரண்டு போன், ஒரு லைற், இவ்வளவுக்கும் அது போதும். பின்பக்கத்தில் துறைக்குள் வந்து போக 15 குதிரைவலு மோட்டார். நடுவில் பாய்மரம். இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கியதே அந்தப் பாய்மரத்துக்காகத்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. கரையில் இருந்து பலகாரம் வந்தது, பிளேன்ரீயோடு முடித்துவிட்டோம்.

எங்களுக்கு இன்றைய பெரிய விசேஷம் வேறு. இன்று நள்ளிரவோடு தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, யூன் 14 வரை 61 நாள். மற்றக் காலத்தில் அங்கிருந்து றோலர்கள், அதாவது இழுவைப் படகுகள், வருகிற திங்கள், புதன், சனி என்றால் இந்தப் பக்கத்தில் நண்டு வலை விடுகிறவன் ஒன்றுக்கு இரண்டு தரம் யோசிப்பான். இரவில் மேற்கே றோலர்களின் லைற் வரிசையாகத் தெரியும், எஞ்சின் சத்தம் தண்ணீருக்குள்ளால் வந்து எங்கள் போட்டின் பலகையில் கேட்கும், தலையணையில் காதை வைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். விடிய வலையைத் தூக்கப் போனால் மிதப்பு மட்டும் கிடக்கும், சில நாளில் அதுவும் இராது. இலங்கையில் 2017இலேயே இழுவைமடித் தொழிலுக்குச் சட்டப்படி தடை வந்துவிட்டது. அடியைக் கிளறிக்கொண்டு போகும் மடி நண்டுக் குஞ்சையும் பாசியையும் சேர்த்து அள்ளிவிடும், அது இரண்டு கரைக்கும்தான் நட்டம். அங்கிருந்து வருகிறவர்களும் எங்கள் மொழி பேசுகிற, கடனில் தொழில் செய்கிற ஆட்கள்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை நினைத்தால் கோபத்தைவிட வயிற்றெரிச்சல் கூட.

சரி, இந்த இரண்டு மாதமும் நிம்மதியாகப் படுக்கலாம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

துறையில் ஒரு படகும் அசையவில்லை. சிலுவைப் பாதைக்குப் போய் வந்தோம். பின்னேரம் நங்கூரக் கயிற்றில் தேய்கிற இடத்துக்கு மட்டும் பழஞ்சீலை சுற்றினேன், மாமா ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

பாய் தைத்து முடிந்தது என்று சொல்லலாம். கன்வஸ் வாங்கக் காசு காணாது என்பதால் தறப்பாளில்தான் தைத்தோம். தறப்பாள் என்றால் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு வேறு ஞாபகங்கள் வரும், மாமி அதைக் கண்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடம்பெயர்ந்து வருடக்கணக்காக அதற்குக் கீழேதான் சமைத்துப் பிள்ளை வளர்த்தவர்.

தறப்பாளின் குறை என்னவென்றால் இழுவை முழுவதும் மூலைகளில் போய் விழும், கயிறு கோக்கக் கண் போட்ட இடத்தில் கிழியத் தொடங்கினால் ஒரே கோடாக நடு வரை போய்விடும். அதற்கு மாமா செய்த வேலையை வடிவாக எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். மூலையை மூன்று மடிப்பாக மடித்து, மடிப்புக்குள் பழைய ரியூப் துண்டு ஒன்றை வைத்து, நைலோன் நூலால் இரண்டு வரிசை நெருக்கமாகத் தைத்து, அதற்குப் பிறகுதான் ஓட்டை போட்டார். ஓட்டைக்குள்ளால் வருகிற கயிறு ரப்பரில் உட்காரும், தறப்பாளைத் தொடாது. விளிம்பு முழுவதும் உள்ளே கயிறு ஓடுகிறது, காற்றின் பாரம் அந்தக் கயிற்றுக்குத்தான். பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பான பருமல் 22 அடி, இரண்டு மூங்கிலை அடிப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டியது. ஒரே மூங்கிலில் அந்த நீளத்துக்கு நுனி மெலிந்து வளைந்துவிடும்.

மத்தியானம் போனில் செய்தி வந்தது, பாப்பரசர் பிரான்சிஸ் காலமாகிவிட்டார். மாமா ஊசியை அப்படியே பாயில் குத்தி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். மிச்சத்தை இரவு லைற் வெளிச்சத்தில் நான் தைத்தேன்.

ஏப்ரல் 23, புதன்

இன்றைக்கே எதிரே கடலில் இருக்கும் இரணைதீவுக்குப் பாய் விரித்துப் போக வேண்டும் என்பது மாமாவின் ஆசை. 1992இல் போரால் தீவை விட்டு வந்த சனம், திரும்பிப் போக விடுங்கள் என்று 26 வருடம் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, 2018இல் இதே ஏப்ரல் 23ஆம் திகதி தாங்களாகவே படகுகளை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போய் இறங்கியது. முன்படகில் வெள்ளைக்கொடி. மாமாவும் போனவர். தீவில் பிறந்து, அங்கேயே அப்புவிடம் பாய் பிடிக்கப் பழகி, அதற்குப் பிறகு பாதி ஆயுளைக் கரையில் இருந்து அந்தத் தென்னைகளைப் பார்த்துக்கொண்டே கழித்த மனிதர். 2021இல் கொவிட்டில் இறந்தவர்களை அந்தத் தீவில் புதைக்கப் போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தபோது இந்த ஊர் முழுக்க றோட்டில் இறங்கியது ஏன் என்று கேட்பவர்கள், அவரோடு ஒருநாள் இந்தத் துறையில் இருந்து பார்க்க வேண்டும்.

ஆனால் காற்று இல்லை. இலை அசையவில்லை. மோட்டாரில் போவோமா என்று கேட்டேன். "மோட்டாரில எண்டால் எந்த நாளும் போகலாம்தானே தம்பி" என்றார்.

ஏப்ரல் 25, வெள்ளி

போய் வந்துவிட்டோம்!

விடிய முதலே கரைக்காற்று எடுத்துவிட்டது. இரவில் தரை கெதியாகக் குளிர்ந்துவிடும், கடல் அவ்வளவு கெதியில் குளிராது, அதனால் பின்னிரவில் காற்று தரையிலிருந்து கடலுக்கு ஓடும். பகலில் வெயில் ஏற அது மறுபக்கம் திரும்பும். வாடையும் (வடகிழக்குக் காற்று) ஓய்ந்து சோளகமும் (தென்மேற்குக் காற்று) தொடங்காத இந்தச் சித்திரையில்தான் இந்த இரண்டு காற்றும் துப்புரவாக வரும். காலையில் கொண்டுபோய் விடும், பின்னேரம் திருப்பிக் கொண்டுவரும். எங்கள் முன்னோர் தொழில் நேரத்தை வைத்திருந்ததே இந்தக் காற்றுகளுக்கு ஏற்றபடிதான். மோட்டார் வந்த பிறகு எங்களில் பாதிப் பேருக்கு அது மறந்துபோயிற்று.

பாயை ஏற்றுகிற கயிறான ஆஞ்சானை இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். பருமல் மெல்ல ஏறி, பாய் ஒருதரம் படபடவென்று அடித்து, பிறகு நிரம்பி நின்றது. அந்த நிமிடத்தில் போட் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து தானாகவே நடக்கத் தொடங்கியபோது எனக்கு வாயில் பேச்சு வரவில்லை. எஞ்சின் இல்லை, புகை இல்லை, முன்பக்க அணியத்தில் தண்ணீர் பிளக்கிற சத்தம் மட்டும். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கிறவனின் வேகம்தான் இருக்கும், ஆனால் நிற்காத நடை.

பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கிற கயிறான தாமான் என் கையில். அதைக் கட்டைக்குக் கட்டிவிடலாமே, கை உளைகிறது என்றேன். மாமா சுக்கானில் இருந்து எழும்பியே வந்துவிட்டார். "கட்டாதை. ஒரு சுத்துப் போட்டுக் கையில வைச்சிரு. காத்து ஓங்கி அடிச்சால் விடவேணும், அவிழ்க்க நேரம் கிடையாது." பாய் கவிழ்க்கிற படகுகள் எல்லாம் தாமானைக் கட்டி வைத்தவர்களின் படகுகள்தான் என்று அவருடைய அப்பு சொல்வாராம். தீவு நெருங்க ஒரு காற்று சடாரென்று வந்தது, விரலைத் தளர்த்தினேன், பாய் காற்றைக் கக்கிவிட்டு உடனே நிமிர்ந்தது. அப்போதுதான் விளங்கியது.

இந்தப் பாயில் கஷ்டமான வேலை பக்கம் மாற்றுவது. காற்றை எதிர்த்துத் திருப்ப முடியாது, பின்காற்றில் சுற்றித்தான் வர வேண்டும். பாயின் முன்மூலைக் கயிறான கோசை அவிழ்த்து, பருமலின் அடியைப் பாய்மரத்தோடு ஒட்டி நிமிர்த்தி, முன்னால் கொண்டுபோய் மறுபக்கம் விட வேண்டும். அந்த நேரத்தில் பாய்க்குப் பிடிமானம் கிடையாது, போட் உருளும். இந்தப் பக்கத்துக் கடலில் ஆழம் பெரும்பாலும் 13 மீற்றருக்குள்தான், அலை உயரமில்லாவிட்டாலும் குட்டையாக, ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கும். நின்றபடி செய்யவே கூடாது, ஒரு முழங்காலைத் தட்டில் ஊன்ற வேண்டும்.

வெயில் ஏற முன்னரே தீவில் இறங்கினோம். மாமா தன்னுடைய காணியில் கொஞ்ச நேரம் நின்றார், ஒரு குரும்பை பறித்துத் தந்தார். அதிகம் கதைக்கவில்லை. திரும்பும்போது கடற்காற்று நேராகப் பின்னால் இருந்து தள்ளியது. மோட்டாரை இயக்கியது துறைக்குள் மற்றப் படகுகளுக்கு நடுவே வரும்போது மட்டும்.

இதைக் கண்டு ஒரு அண்ணை, பழைய காலத்துக்குத் திரும்பப் போறியளோ என்று கேட்டார். இல்லை அண்ணை. 2022 ஓகஸ்டில் மோட்டாருக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனபோது இந்தத் துறையில் எத்தனை படகு கரையில் கிடந்தது என்று அவருக்கும் தெரியும். மோட்டார் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பாயும் சுருட்டிக் கிடக்கட்டும். மோட்டார் நடுக்கடலில் நின்றால் போன் சிக்னல் தேடிக்கொண்டு மிதக்காமல் கரைக்கு வரலாம். 1938இல் அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் வல்வெட்டித்துறையிலிருந்து போய் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையைச் சேர்ந்தது, அதில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். அந்தத் தொழிலறிவின் ஒரு துண்டு இன்னும் மாமா போன்ற சிலரின் கையில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே பழகிவிட வேண்டும், இதுதான் என்னுடைய ஒரே அவசரம்.

மே 6, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல். வாக்குப் போட்டுவிட்டு வரும் வழியில் பாண், பருப்பு, தீப்பெட்டி. நேற்று வலையில் சினை நண்டுகள் வந்தன, உயிரோடு இருந்தவற்றை மாமா கடலில் விட்டார். விலை போகும்தான். ஆனால் ஒரு சினை நண்டின் வயிற்றில் இலட்சக்கணக்கில் முட்டை இருக்கும்.

மே 18, ஞாயிறு

தொழில் இல்லை. கரையில் கஞ்சி கொடுத்தார்கள், சிரட்டையில் வாங்கிக் குடித்தோம். அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சனம் குடித்த அதே கஞ்சி. மாமி இரண்டு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் தந்தார். இரவு போட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே படுத்தேன்.

மே 25, ஞாயிறு

சோளகம் பிடித்துவிட்டது. முந்தநாள் இரவு நங்கூரம் அரைத்துக்கொண்டு போனதில், நித்திரையில் இருந்து எழும்பிப் பார்த்தால் பக்கத்துப் படகு கைக்கெட்டும் தூரத்தில். இரண்டாவது நங்கூரத்தையும் போட்டு, கயிற்றை நன்றாக நீட்டி விட்டோம். கயிறு குறுகினால் நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டுக் கிளம்பிவிடும், நீளமாக விட்டால் படுத்துக் கடிக்கும். விடியும்வரை மாறி மாறிக் காவல். தேத்தண்ணி வைக்க அடுப்பு நிற்கவில்லை, மணல் தகரத்துக்குள் வைத்தும் சரிந்தது.

இந்தக் காற்றில் பாய் விரிக்க மாமா விடமாட்டார், எனக்கும் அந்தத் துணிவு இன்னும் வரவில்லை. நாளைக்குப் போட்டைக் கரைக்கு இழுத்து, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, மை, அதாவது பெயின்ற், அடிக்கிற வேலை. பாயின் மேல்மூலை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது, அதில் ஒற்றை வரிசைதான் தைத்திருந்தோம். கரையில் இருக்கிற இந்தக் காலத்துக்குள் கன்வஸ் பாய் ஒன்று வெட்டியாக வேண்டும். கேலியாகக் கேட்ட அந்த அண்ணை நேற்று வந்து பருமலின் நீளத்தை நூல் பிடித்து அளந்துகொண்டு போனார், தன்னுடைய பைபர் படகுக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்று மாமாவோடு மணலில் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகனும் வந்தால் புதன்கிழமை மூங்கில் வெட்டப் போகிறோம்.