கடியைக் கண்டுபிடித்த நீலத் தாள்

வாயைத் திறந்தால் வலது காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். காலையில் எழுந்தால் தாடை கனக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பார்த்த மருத்துவர், கடியை, அதாவது மேல்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் விதத்தை, முழுதாகச் சோதிக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அரியாங்குப்பம் வழியாகப் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போய், கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி வரிசையில் நின்றேன்.

என் முறை வந்ததும் அந்த இளம் மருத்துவர் வாய்க்குள் பார்க்கவே இல்லை. இரு காதுகளுக்கும் முன்னால் விரல்களை வைத்துக்கொண்டு, "மெதுவாகத் திறந்து மூடுங்கள்" என்றார். தாடை நேராக இறங்குகிறதா, ஒருபக்கம் ஒதுங்குகிறதா என்று கவனித்தார். கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் அழுத்தி, "வலிக்கிறதா?" என்றார். கன்னம் வலித்தது. வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பார்த்தார். பெரியவர்களுக்கு 40 மி.மீ. அளவாவது திறக்க வேண்டுமாம், எனக்குத் திறந்தது.

பிறகுதான் பற்கள். மேல்வரிசை முதல் கடைவாய்ப்பல்லின் முன்முகடு கீழ்ப்பல்லின் பள்ளத்தில் உட்காருகிறதா என்று கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தார். எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர் 1899-இல் வகுத்த முறை அது. எனக்கு முதல் வகை, அதாவது பொருத்தம் சரி. முன்பற்கள் ஒன்றையொன்று மூடுவதும் 2, 3 மி.மீ. அளவில்தான் இருந்தது.

அடுத்து மை பூசிய மெல்லிய நீலத் தாளைப் பற்களுக்கு நடுவே வைத்தார். கடித்தேன். அவருக்குத் திருப்தி இல்லை. "கடி என்றால் பாதிப் பேர் தாடையை முன்னே தள்ளிவிடுகிறார்கள். நாக்கு நுனியை அண்ணத்தில் பின்னோக்கி மடித்து வைத்துக்கொண்டு மூடுங்கள்." இப்போது மாட்டிக்கொண்டது. முன்பு வேறொரு மருத்துவரிடம் அடைத்த கடைவாய்ப்பல்லின் மேல் அடர்நீல வட்டம்; அதன் நடுவே மட்டும் மை விலகி வெளுத்திருந்தது. அழுத்தம் அதிகமாக விழும் இடத்தில் அப்படித்தான் பதியுமாம். அடைப்பு ஒரு மயிரிழை உயரம். காசு வாங்கிக்கொண்டு அடைத்தவர் இந்தத் தாளை ஒருமுறை வைத்துப் பார்த்திருக்கலாம்!

உயரத்தைத் தேய்த்து, மறுபடி தாள் வைத்துச் சரிபார்த்தார். "சத்தத்துக்கும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், வலி இல்லாத சத்தத்தை அப்படியே விடலாம்" என்றார். அந்த நேர்மை பிடித்திருந்தது. பல் முனைகள் தேய்ந்திருந்ததால், தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருக்கலாம் என்று தூங்கும்போது பற்களில் மாட்டும் இரவுக் கவசத்துக்குப் பற்களை அச்சு எடுத்தார்கள். அந்த அச்சில் வார்த்த பிளாஸ்டர் மாதிரியில் கடி நாக்குப் பக்கத்திலிருந்தும் தெரிகிறது. வாய்க்குள் அது முடியாது.

அச்சு எடுக்கப் போகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். அச்சுக்காக வாயில் வைக்கும் பசை தொண்டைப் பக்கம் இறங்கும்போது குமட்டும். மூக்கால் மூச்சு விட்டால் சமாளிக்கலாம்.