எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறீர்களா? அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்

இடுப்பு வலி கால் வரைக்கும் இறங்கியதால் எனக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள். மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று முன்பே படித்துவிட்டுப் போனேன், உள்ளே பயம் பாதி குறைந்தது அதனால்தான்.

முதலில் ஒரு படிவம் தருவார்கள். பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்க உள்ளே பொருத்தும் கருவி), உடம்பில் வைத்த கிளிப், கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதா என்றெல்லாம் கேட்டிருக்கும். தயவுசெய்து நிதானமாக நிரப்புங்கள். நான் போன இடத்தில் 1.5 டெஸ்லா காந்தம், அதாவது பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் இருக்கும் மீகடத்திச் சுருளில் (மின்தடையே இல்லாத கம்பிச் சுருள்) மின்சாரம் நிற்காமல் ஓடுவதால், ஸ்கேன் நடக்காதபோதும் அந்தக் காந்தம் அணைவதில்லை.

படுக்க வைத்து, காதில் பஞ்சு அடைப்பான், கையில் அவசரத்துக்கு அழுத்த ஒரு ரப்பர் பந்து. உள்ளே போவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்புறம் ஆரம்பிக்கும் பாருங்கள், தடதடவென்று. நம் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் புரோட்டான்களைச் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ துடிப்பு சாய்த்துவிடுகிறது, அவை சுழலும்போது வரும் மெல்லிய சிக்னலை முதுகுக்குக் கீழே உள்ள காயில், அதாவது கம்பிச் சுருள், பிடிக்கிறது. அந்த சிக்னல் உடம்பில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் கிரேடியன்ட் காயில்கள். இடத்துக்கு இடம் காந்தப்புலத்தைக் கொஞ்சம் மாற்றினால் சுழலும் வேகமும் மாறும், அதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இந்த வழியை 1973இல் காட்டியவர் பால் லாட்டர்பர், 2003இல் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுடன் நோபல் பெற்றார். அந்தக் காயில்களில் மின்சாரத்தை வேகவேகமாக மாற்றும்போது பெரிய காந்தம் அவற்றை உதறுகிறது, நாம் கேட்பது அந்த அதிர்வைத்தான். தாளம் மாறினால் அடுத்த வகைப் படம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், மெஷின் கெட்டுப்போகவில்லை.

அசையக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சேகரிக்கும் ஒவ்வொரு சிக்னலிலும் முழுப் படத்தின் தகவலும் கலந்திருக்கிறது, அதனால் நடுவில் இடுப்பை நகர்த்தினால் ஒரு மூலை மட்டுமல்ல, மொத்தப் படமும் மங்கிவிடும். எச்சில் விழுங்குவதையெல்லாம் சத்தம் நிற்கும் இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் படங்களில் டி2 என்று ஒரு வகை உண்டு, அதில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும். என் மற்ற டிஸ்க்குகள் நடுவில் வெளுப்பாக இருக்க, எல்4-எல்5 (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ளது) மட்டும் வறண்டு கறுத்து, பின்பக்கம் பிதுங்கி நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிலிமோடு திருப்திப்படாமல் டைகாம் கோப்புகளையும் (ஸ்கேனின் அசல் டிஜிட்டல் படங்கள்) கேட்டு வாங்குங்கள், இன்னொரு டாக்டரிடம் போனால் அவர் ஒவ்வொரு ஸ்லைஸாக நகர்த்திப் பார்க்கலாம்.