எழுதாத ஆசிரியருக்கு எழுத்துப் பயிற்சி

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களான எங்களுக்குப் பயிற்சிகளுக்குக் குறைவில்லை. 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தமிழ்நாடு அரசு அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தபோது, ஆசிரியர் கையேடு, பிள்ளைகளின் கற்றல் திறனுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள், அவற்றுக்கான பயிற்சி நூல் எல்லாமும் வந்து சேர்ந்தன. எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது என்ற தெளிவை அவை தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பிள்ளையைச் சொந்தமாக நான்கு வரி எழுத வைப்பது செயல்பாடுகளை விளக்குவதால் மட்டும் வந்துவிடுவதில்லை. அதற்கு ஆசிரியரின் மனப்போக்கே சற்று அசைய வேண்டும்.

1974இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே தொடங்கிய எழுத்துத் திட்டம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. கோடை விடுமுறையில் கூடிய ஆசிரியர்கள் தாங்களே எழுதினார்கள், எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினார்கள், தம் வகுப்பில் பலன் தந்த முறைகளைச் சக ஆசிரியர்களுக்குக் கற்பித்தார்கள். பின்னாளில் அது அமெரிக்கா முழுவதும் பரவியது.

அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் எங்கள் குறுவள மையத்தில் ஒருமுறை, பயிற்சி தர வந்த கருத்தாளர் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு, "உங்கள் தெருவைப் பற்றி எழுதுங்கள்" என்று வெள்ளைத்தாளைக் கொடுத்தார். உடனே எழுந்த கேள்விகள்: "எத்தனை வரி சார்?", "தலைப்பு போடணுமா?" வகுப்பில் பிள்ளைகள் கேட்டு நாங்கள் சலித்துக்கொள்ளும் அதே கேள்விகள்! எழுதியதை வாசிக்கச் சொன்னபோது பலர் தாளை மடித்து வைத்துக்கொண்டனர்.

அதன்பின், முன்னுரை முதல் முடிவுரை வரை கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்தெழுதச் சொல்லும் வழக்கத்தைச் சிலரேனும் தளர்த்தினோம். "மலைக்கு பயந்து ஆடு கட்டிலுக்கு அடில போச்சு" என்று மழையை மலையாக்கி ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளை எழுதியபோது, ழகரப் பிழையைச் சுழிப்பதற்கு முன்பு, "அப்புறம் ஆடு என்ன செய்தது?" என்று கேட்கத் தோன்றியது, அடுத்த மூன்று வரிகள் அந்தக் கேள்வியால்தான் வந்தன.

ஆனால் பார்வைக்கு வரும் அதிகாரி தேடுவது சிவப்பு மையைத்தான். திருத்தப்படாத பிழை இருந்தால் நோட்டே பார்க்கப்படவில்லை என்று பொருள் கொள்ளப்படும் வரை, பயிற்சியில் மாறிய மனம் வகுப்பில் தயங்கவே செய்யும். தற்போதைக்கு, முதல் வரைவுக்குத் தனி நோட்டு வைத்து அதில் கேள்விகளை மட்டும் எழுதுகிறேன். எழுத்துப்பிழையைத் திருத்துவது, பிள்ளை பிறகு சீராக்கி எழுதும் செம்மைப்படியில்தான்.