அதுக்குக் கீழ என்ன சேர்?

பாடசாலை மலர்க் குழு விளையாட்டுப் போட்டியைப் பற்றித்தான் எழுதச் சொன்னது. அதை எழுத ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் பௌதிக சேரும் தமிழ் சேரும் எங்களை நடுவில் வைத்துப் பிடித்த சண்டையை எழுதுகிறேன்.

பௌதிக சேர் அணுவைக் கீறத் தொடங்கினால் நிற்க மாட்டார். 1911இல் ரதர்போர்ட்டின் கரு, 1932இல் சாட்விக்கின் நியூத்திரன், 1964இல் கெல்மானும் ஜோர்ஜ் சுவைக் என்பவரும் முன்வைத்த, புரோத்தனுக்கும் நியூத்திரனுக்கும் உள்ளே இருக்கும் குவார்க்கு என்று இறங்கிக்கொண்டே போவார், பாடத்திட்டத்தில் இருக்கோ இல்லையோ அவருக்குக் கவலையில்லை. ஒருநாள் பின்வாங்கில் இருந்தவன் "அதுக்குக் கீழ என்ன சேர்?" என்றான்.

"எங்கயோ ஓரிடத்தில முடியத்தானே வேணும் தம்பி. இல்லாட்டி மேல உள்ளதெல்லாம் எதில நிக்கிறது?"

இது தமிழ் சேரின் காதுக்குப் போனது. அவர் உடனே மணிமேகலையை எடுத்தார். அதில் ஆசீவகவாதி, அதாவது ஆசீவகம் என்ற பழைய சமயத்தைச் சேர்ந்தவன், நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐவகை அணு சொல்வான், அவை தோன்றுவதுமில்லை அழிவதுமில்லை, சேர்வதும் பிரிவதும்தான் உலகம். "உங்கட சேர் அந்தக் கட்சி" என்று சிரித்தார். அதே காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும் பன்னிரு சார்பு வேறு மாதிரி: பேதைமை சார்ந்து செய்கை, செய்கை சார்ந்து உணர்ச்சி என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகும். அப்ப பேதைமைதானே அடி என்று கேட்டோம். அதுவும் சக்கரத்தில் ஒரு ஆரம், சுத்தி வந்தா அதுக்கும் ஒரு சார்பு இருக்கும் என்றார்.

நான் தமிழ் சேர் பக்கம். ஒவ்வொன்றும் இன்னொன்றில் தங்கியிருக்கிறது என்பதற்காக அந்த வரிசை எங்கேயாவது முடிந்தே ஆக வேண்டுமென்று இல்லை. மறை நிறைவெண்களுக்கு (…, −3, −2, −1) முதல் எண் கிடையாது, கணித வகுப்பில் அதற்காக யாரும் அழவில்லையே. துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் ஜெனீவாவின் பெரிய மோதுபொறி புரோத்தனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுவரை துருவியும் குவார்க்குக்குள்ளோ இலத்திரனுக்குள்ளோ எதுவும் தென்படவில்லை என்பது சரி, ஆனால் 1897இல் இலத்திரன் வெளிப்படும்வரை அணுவுக்குள்ளும் எதுவும் தென்படவில்லை.

எண் கதையைச் சொன்னபோது பௌதிக சேர் லேசில் விடவில்லை. "எண் ஒண்டும் இன்னொண்டிட்ட இருப்பைக் கடன் வாங்கிறேல்ல. எல்லாரிட்டயும் இருக்கிறது கடன் காசெண்டா, யாரோ ஒருத்தன் உழைச்சிருக்க வேணும்." நல்ல அடிதான். ஆனால் இருப்பைக் காசு மாதிரி கைமாறுகிற பொருள் என்று எடுத்துக்கொண்ட அந்த இடத்திலேயே, உழைத்தவன் ஒருவனையும் சேர் சேர்த்தே உள்ளே கொண்டுவந்துவிட்டார்.