நிழல் பக்கத்து அளவு

ஜூன் 3

ஸ்டூடியோவின் இரண்டாவது ஃபிளாஷ் ஹெட் ஆடுகிறது, அடிக்கு அடி வெளிச்சம் மாறுகிறது. பவரைத் தொடவில்லை, ஸ்டாண்டை நகர்த்தவில்லை, மீட்டரும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அடுத்தடுத்துப் பத்து தடவை அடித்தால், எஃப் 5.6-க்கும் அதற்கு மேல் 0.4 ஸ்டாப்புக்கும் இடையே எண் அலைகிறது (ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரட்டிப்பு). 0.1 ஆடினால் பரவாயில்லை. 0.4 ஆடினால் கன்னத்தில் தெரியும்.

மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி நிறையும் முன்பே ரெடி பீப் அடிக்கிறதா, இல்லை மின்தேக்கியே தளர்ந்துவிட்டதா? பீப்புக்குப் பின் ஐந்து நொடி பொறுத்து அடித்தால் தெரிந்துவிடும். எண் நிலைத்தால் கோளாறு பீப்பில்தான்.

ஜூன் 4

பொறுத்து அடித்தாலும் ஆடுகிறது.

ஜூன் 5

முகத்துக்கான முதன்மை லைட்டான கீ தனி, நிழலை நிரப்பும் ஃபில், அதாவது அந்த இரண்டாவது ஹெட், தனி என்று அளந்தாயிற்று. ஃபிளாஷை அடிக்க வைக்கும் ட்ரிக்கரில் ஃபில் குழுவை நிறுத்தினால் மட்டும் போதாது. வேறொரு ஃபிளாஷின் வெளிச்சம் பட்டதும் தானும் அடிக்க வைக்கும் ஆப்டிகல் ஸ்லேவ் ஹெட்டில் விழித்திருந்தால், கீ அடித்த கணமே அதுவும் அடித்து எண்ணைக் கெடுக்கும். ஸ்விட்சையே அணைப்பது நல்லது.

ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125. மீட்டரின் வெள்ளைக் குமிழை உள்ளே இறக்கி, மூக்குக்கு முன்னால் பிடித்து, லைட்டை நோக்கித் திருப்பினால் கீ எஃப் 8. கேமராவுக்கு நேர் மேலிருந்து வரும் ஃபில் எஃப் 5.6. ஒரு ஸ்டாப் வித்தியாசம் என்றதும் வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் விகிதம் 2:1 என்று பலர் குறித்துக்கொள்கிறார்கள். அது தவறு. கேமரா பக்கத்திலிருந்து வரும் ஃபில் முகத்தின் இரு புறமும் விழுகிறது. ஃபில்லை 1 என்று வைத்தால் கீ 2. வெளிச்சப் பக்கம் 2+1, நிழல் பக்கம் வெறும் 1. ஆக 3:1. ஃபில்லை இரண்டு ஸ்டாப் இறக்கினால் 4+1, அதாவது 5:1.

இதே கணக்குப்படி வெளிச்சப் பக்கம் எஃப் 8-க்கு மேல் 0.6 ஸ்டாப் ஏறியிருக்கும். கீயின் எண்ணை அப்படியே கேமராவில் வைத்தால் நெற்றி வெளுக்கும். கடைசி அளவு எப்போதும் எல்லா லைட்டும் எரிய, குமிழை வெளியே எடுத்து, தாடைக்குக் கீழிருந்து லென்ஸைப் பார்த்து எடுக்க வேண்டும். கேமராவில் வைக்க வேண்டியது அந்த எண்தான்.

ஃபில் 0.4 ஏறினால் 3:1 என்பது 2.5:1 ஆகிவிடும். ஒரே இருக்கையில் எடுத்த இரண்டு படங்களில் முகம் ஒன்றில் இளைத்தும் ஒன்றில் உப்பியும் நிற்கும். 14-ஆம் தேதிக்குள் இது நின்றாக வேண்டும்.

ஜூன் 6

ஃபிளாஷை எல்லாம் அணைத்துவிட்டு ஒரு படம். எஃப் 8-ல் முழுக் கறுப்பு, நல்லது. எஃப் 2-க்குத் திறந்தால் ஹெட்டுக்குள் தொடர்ந்து எரியும் மாடலிங் லேம்பின் மஞ்சள் எட்டிப்பார்க்கிறது. ஷட்டரை 1/200 வரை ஏற்றலாம். ஃபிளாஷோடு ஷட்டர் ஒத்துப்போகும் சிங்க் எல்லையைத் தாண்டினால் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

ஜூன் 8

பின்னணியின் வெள்ளைப் பேப்பர் சாம்பலாக வருகிறது. வரத்தான் செய்யும். கீயிலிருந்து முகம் 1 மீட்டர், பேப்பர் 3 மீட்டர். ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம்தான் அங்கே போய்ச் சேர்கிறது, மூன்று ஸ்டாப்புக்கும் அதிகமான இறக்கம். பேப்பருக்கென்று இரண்டு லைட் தனியாக வைத்து, முகத்தின் அளவைவிட அரை முதல் ஒரு ஸ்டாப் கூடுதலாக நிறுத்தினால் வெள்ளை. அதற்கு மேல் போனால் பின்வெளிச்சம் தாடைக் கோட்டைக் கரைத்துவிடும். நான்கு மூலையும் நடுவும் 0.2-க்குள் ஒத்துப்போக வேண்டும்.

ஜூன் 9

ஆடும் இரண்டாவது ஹெட் மாதக்கணக்கில் ஓய்ந்து கிடந்தது. மின்தேக்கியை மெல்லத்தான் பழக்க வேண்டும். குறைந்த பவரில் ஒரு மணி நேரம் சும்மா எரியட்டும், பிறகு பாதிப் பவர், அதன்பின் முழுப் பவரில் இடைவெளி விட்டுச் சில அடிகள். கூட்டைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கும்.

ஜூன் 10

ஆட்டம் 0.2. போதாது.

ஜூன் 11

சாம்பல் அட்டையில் ஃபில் பக்கம் கீயைவிட மஞ்சள் தட்டுகிறது. வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டிகளான இரண்டு சாஃப்ட்பாக்ஸையும் மாற்றி மாட்டினால் மஞ்சளும் துணியோடு போகிறது. பழைய துணிதான் காரணம், டியூப் இல்லை. அதன் முன்துணியை மாற்றியாயிற்று.

பவரைக் குறைத்தாலும் நிறம் நகரும். பழைய வகை ஹெட்டுகள் சிவப்புப் பக்கம் போகும், மின்னோட்டத்தை நடுவிலேயே வெட்டி நிறுத்தும் ஐஜிபிடி வகை நீலப் பக்கம். ஒரு ஸ்டாப்தான் குறைய வேண்டுமென்றால் ஸ்டாண்டை 1 மீட்டரிலிருந்து 1.4-க்குப் பின்னால் தள்ளலாம், நிழலின் விளிம்பு கொஞ்சம் கெட்டியாகும். பவரைத்தான் குறைப்பதென்றால், குறைத்ததும் வெறுமனே ஒருமுறை அடித்துவிட வேண்டும். உபரி மின்னேற்றத்தைத் தானாகக் கொட்டாத ஹெட்டில் பழையது அப்படியே இருக்கும்.

ஜூன் 12

5.6. 5.6. 5.6-க்கு மேல் 0.1. 5.6.

ஜூன் 13

தலைமுடிக்கான ஹேர் லைட். உச்சந்தலையில் குமிழை வைத்து அந்த லைட்டை நோக்கியே அளக்க வேண்டும். நரைத்த தலைக்குக் கீயைவிட ஒரு ஸ்டாப் குறைவு, கருங்கூந்தலுக்குக் கீயின் அளவே. கேமரா இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் லைட்டின் வாய் தெரியக் கூடாது. தெரிகிறது. வெளிச்சம் சிதறாமல் தடுக்கும் கிரிட் வலையைப் போட்டதும் மறைந்தது, காதோரக் கசிவும் நின்றது. ஆனால் கிரிட் வெளிச்சத்தைத் தின்றிருக்கும், எண்ணை மறுபடி எடுக்க வேண்டும்.