லிவர்பூல், நவம்பர்

நவம்பர் 4
அப்பாவுக்குப் பேச்சு வரல. வலது கை அசையல. மூளையில ரத்தக்கட்டுன்னு ஸ்கேன் பாத்துட்டு சொல்லிட்டாங்க.

நவம்பர் 5
தூக்கமே இல்ல. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் நீர்மூழ்கிகள வேட்டையாடுன பிரிட்டிஷ் நேவி கேப்டன் வாக்கரும் இதே ரத்தக்கட்டுலதான் போனாரு, இந்த ஊர்லயேதான், சீஃபோர்த்ல இருந்த நேவி ஆஸ்பத்திரியில, 1944 ஜூலை 9, வெறும் 48 வயசு. இத யார்கிட்டயும் சொல்ல முடியல, அம்மாகிட்ட சொல்லவே கூடாது. அப்பாவுக்கு வாக்கர்னா உயிரு. தூத்துக்குடி ஹார்பர்ல வேலை பாத்த மனுஷன், இங்க வந்து இறங்குனதும் மொதல்ல பாக்கணும்னு கேட்டதே பியர் ஹெட்ல இருக்கிற அவர் சிலையத்தான்.

நவம்பர் 7
பிசியோ வந்தாங்க. அப்பா கண்ணை மூடிக்கிட்டாரு.

வாக்கர நேவி ஓரங்கட்டிதான் வச்சிருந்துச்சு. பெரிய பீரங்கிக் கப்பல்தான் கௌரவம்னு எல்லாரும் ஓடுன காலத்துல நீர்மூழ்கிய எப்படிப் பிடிக்கிறதுன்னு படிச்சவரு, கேப்டன் பிரமோஷன்ல அவரத் தாண்டிப் போயிட்டாங்க. 1941 கடைசியிலதான் ஸ்டார்க் கப்பலும், சரக்குக் கப்பலுக்குக் காவல் போற ஒரு எஸ்கார்ட் குரூப்பும் கைக்கு வந்துச்சு. டிசம்பர்ல ஜிப்ரால்டர்ல இருந்து 32 சரக்குக் கப்பல் கூட்டமா கிளம்புச்சு, எச்ஜி 76ன்னு அந்தக் கன்வாய்க்குப் பேரு. மூழ்கிப்போனது ரெண்டு சரக்குக் கப்பல், கூட காவலுக்கு வந்த ஸ்டான்லி, ஆடாசிட்டிங்கிற ரெண்டு போர்க்கப்பல். ஜெர்மன்காரங்களுக்கு அந்தச் சண்டையில நாலு நீர்மூழ்கிக்கு மேல போச்சு, அதுல ஒண்ண ஸ்டார்க்க வச்சே இடிச்சு மூழ்கடிச்சாரு. அதுக்கப்புறம்தான், 1942ல, கேப்டன் ஆக்குனாங்க.

நவம்பர் 8
இடது கையப் பிடிச்சா திருப்பி அழுத்துறாரு!

நவம்பர் 10
ரெண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு எலுமிச்சம்பழம். போன மாசம் சாப்பாட்டு மேசையில அப்பா எனக்கு பாடம் எடுத்தது. பழம்தான் நீர்மூழ்கி. ஆஸ்டிக்னு ஒரு கருவி தண்ணிக்குள்ள சத்தம் விட்டு எதிரொலிய வச்சு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கும், ஆனா கப்பல் ரொம்பக் கிட்டப் போயிட்டா எதிரொலி விட்டுப்போகும், கப்பல் வேகமா வர்ற சத்தம் கேட்டு கீழ இருக்கிறவன் அந்த நேரத்துல திரும்பித் தப்பிச்சுருவான். வாக்கர் என்ன பண்ணாருன்னா ஒரு கப்பல தூரத்துலயே நிறுத்தி எதிரொலிய விடாமப் பிடிக்க வச்சாரு, இன்னொரு கப்பல் ஆஸ்டிக்க அணைச்சுட்டு மெதுவா ஊர்ந்து தலைக்கு மேல போகும், தூரத்துல இருக்கிறவன் “இப்ப போடு”ன்னதும் குண்டு வரிசையா இறங்கும். ரெண்டாவது டம்ளர அப்பா ஒரு விரலால எவ்வளவு மெதுவாத் தள்ளுனாரு. வலது கை விரல்.

நவம்பர் 11
அம்மா சாப்பிடல. நானும்.

நவம்பர் 13
எனக்கு கோவம் கோவமா வருது. வாக்கரோட மூத்த பையன் டிமோத்தி, பார்த்தியன்ங்கிற நீர்மூழ்கியில இருந்தான், 1943 ஆகஸ்ட்ல மத்தியதரைக் கடல்ல அந்தக் கப்பல் காணாமப் போச்சு, ஒருத்தர் கூடத் திரும்பல. நீர்மூழ்கிகளத் தேடித் தேடி மூழ்கடிக்கிற அப்பன், பிள்ளை அதே மாதிரி ஒரு இரும்புக்குள்ள. அதுக்கப்புறமும் அந்த மனுஷன் ஸ்டார்லிங்ங்கிற கப்பல்ல கடலுக்குப் போனாரு. 1944 ஜனவரி கடைசியில இருந்து பிப்ரவரிக்குள்ள ஒரே பயணத்துல ஆறு நீர்மூழ்கிய அவரோட குரூப் மூழ்கடிச்சுச்சு. லிவர்பூல் கிளாட்ஸ்டோன் டாக்ல ஊரே கூடி ஆரவாரம். மறுபடி கடல். அப்புறம் பிரான்ஸ்ல நார்மண்டி படையிறக்கத்துக்கு இங்கிலிஷ் சேனல்ல காவல், அந்தப் பக்கம் நீர்மூழ்கி நுழையக் கூடாதுன்னு நாள்கணக்கா ராத்தூக்கம் இல்லாம. கைதட்டுனவங்க ஒருத்தராவது அவரப் பிடிச்சு வீட்ல படுக்க வச்சிருக்கலாமே? தலை சுத்துதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனவரு ரெண்டே நாள்ல முடிஞ்சிட்டாரு. கதீட்ரல்ல இறுதி மரியாதை பண்ணி ஹெஸ்பெரஸ் கப்பல்ல கொண்டுபோய் கடல்லயே அடக்கம் பண்ணாங்க, அவரோட சொந்தக் கப்பல்கள் அப்பவும் வேட்டையில.

அப்பாவும் தலை சுத்துதுன்னுதான் சொன்னாரு.

நவம்பர் 14
“ம்”ன்னு சொன்னாரு. நான் ஸ்டார்லிங் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன், அதுக்கு “ம்”. நர்ஸும் கேட்டாங்க.

நவம்பர் 16
வேற வார்டுக்கு மாத்துறாங்களாம், காரணம் சொல்லல. நாலு மணிக்கு டாக்டர் பேசணுமாம். அண்ணனுக்கு இப்பவே போன் போடணும்